குடந்தை என்னும் ஏடு

நுழையும்முன்

பிறந்த ஊரைப் பற்றிப் பேசாதவர் எவருமிலர். அப்பேச்சில் அன்பு இருக்கும், ஏக்கம் இருக்கும், சில நேரங்களில் மறதியும் இருக்கும். ஓர் ஊரைப் பற்றிய நினைவு எப்பொழுது அவ்வூரின் வரலாறு ஆகிறது? காவிரிக் கரையில் அமைந்துள்ள கும்பகோணத்தை முன்வைத்து இவ்வினாவிற்கு விடை தேடுகிறது இப்பாடம்.

ஊரை விட்டுச் சென்றவர்களிடம்தான் ஊர் மிகுதியாகத் தங்கியிருக்கிறது. வேலைக்காகவோ படிப்புக்காகவோ வெளியூர் சென்றவர்கள், தாம் புறப்பட்ட நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஊரை மனத்தில் நிறுத்திக்கொள்கின்றனர். ஊரோ யாருக்காகவும் நிற்பதில்லை. ஓட்டு வீடு மாடி வீடாகிறது, குளம் தூர்கிறது, கடைத்தெருவில் பெயர்ப்பலகைகள் மாறுகின்றன. பல்லாண்டுகள் கழித்துத் திரும்புபவர் தம் மனத்தில் உள்ள ஊரைத் தேடுகிறார். கண்ணெதிரே வேறோர் ஊர் நிற்கிறது. அப்பொழுது எழும் ஏமாற்றத்தையே ஏக்கம் என்கிறோம்.

அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அவ்வாறுதான் கும்பகோணத்திற்குத் திரும்பினார். பல ஊர்களில் பிறர் ஊர்க் கடிதங்களைக் கையாண்டவர் அவர். பெரிய கடைத்தெருவின் பாத்திர ஓசை, பித்தளை டவராவில் நுரைத்து நிற்கும் காப்பி, வெற்றிலைக் கவுளியின் பச்சை மணம், வெயில் தாழ்ந்தபின் திண்ணையில் கூடும் பேச்சு ஆகியவற்றையே அவர் தம் ஊர் என்று எண்ணியிருந்தார். “அந்தக் கும்பகோணம் போய்விட்டது” என்பது அவர் அடிக்கடி கூறும் சொல்.

அவருடைய பெயர்த்தி பதினொன்றாம் வகுப்பு மாணவி. ‘நம் ஊரின் வரலாறு’ என்னும் தலைப்பில் செயல்திட்ட ஏடு ஒன்றை உருவாக்கும் பணி அவளுக்கு வகுப்பில் தரப்பட்டிருந்தது. “போய்விட்டது என்கிறீர்களே தாத்தா, எது போய்விட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்” என்றாள். ஏக்கமாக மட்டும் இருந்த ஒன்று அன்றுமுதல் தேடலாக மாறியது. விடுமுறை நாள்களில் இருவரும் ஊரைச் சுற்றி வரத் தொடங்கினர்.

கல் காத்த பெயர்கள்

வடக்கே காவிரியும் தெற்கே அரசலாறும் பாய, இடையில் அமைந்த ஊர் கும்பகோணம். தேவாரம் இதனைக் குடமூக்கு என்றும், ஆழ்வார்களின் பாசுரங்கள் குடந்தை என்றும் வழங்குகின்றன. சோழர்களின் அரண்மனை விளங்கிய பழையாறை இவ்வூருக்கு அருகில் உள்ளது. நாயக்கர் காலத்தில் எழுந்த இராமசாமி கோயிலும், பதினாறு மண்டபங்கள் சூழ்ந்த மகாமகக் குளமும் ஊரின் பிற்காலச் செழிப்பைக் காட்டுகின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மகாமகத்தின்போது நாடே இங்குத் திரள்கிறது.

தாத்தாவும் பெயர்த்தியும் முதலில் சென்றது நாகேசுவரர் கோயிலுக்கு. முற்காலச் சோழர் கலைக்குச் சான்றாக நிற்கும் கோயில் அது. கருவறையின் புறச்சுவர் மாடங்களில் ஆணும் பெண்ணுமாகச் சில உருவங்கள் நிற்கின்றன. உயிருள்ளவர்கள் சற்றே ஒதுங்கி நிற்பதுபோன்ற தோற்றம், முகங்களில் அமைதி. அவர்கள் அரசகுடியினரா, காப்பிய மாந்தரா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக முகம் நிலைத்திருக்கிறது; பெயர் நிலைக்கவில்லை.

சோழநாட்டுக் கல்வெட்டுகளிலோ இதற்கு நேர்மாறான நிலையைக் காணலாம். கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஆடுகளைக் கொடையளித்தவர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள் என்பது பல கல்வெட்டுகளில் காணப்படும் கணக்கு. ஆடுகள் பெருகி, முதலில் கொடுத்த எண்ணிக்கை குறையாமல் இருக்கவேண்டும் என்பதால் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். கொடையாளிகளுள் அரசியரும் உண்டு. வணிகரும் படைவீரரும் உண்டு. அவர்களின் முகம் நமக்குத் தெரியாது, பெயர் தெரியும். எழுதப்பட்டதனால் தெரியும்.

“எழுதாதவர்களெல்லாம் என்ன ஆனார்கள் தாத்தா?” என்று பெயர்த்தி கேட்டாள். அவ்வினா அவளுடைய ஏட்டின் முதற்பக்கத்தில் இடம்பெற்றது.

ஆற்றைக் கடந்து சென்ற ஆசிரியர்

காவிரிக் கரையில் உள்ள அரசு கலைக் கல்லூரி, 1854-இல் பள்ளியாகத் தொடங்கி 1867-இல் கல்லூரியாக உயர்ந்தது. பாலம் இல்லாத அந்நாள்களில் ஆற்றில் நீர் பெருகிய காலத்தில் ஓடத்திலும், நீர் வற்றிய காலத்தில் மணலில் நடந்தும் மாணவர்கள் கல்லூரிக்குச் சென்றனர். 1880-இல் அக்கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தவர் உ.வே. சாமிநாதர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரனாரிடம் பாடம் கேட்டவர். தியாகராசரின் பரிந்துரையால் அப்பணியைப் பெற்றவர்.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் நிகழ்ந்த சந்திப்பு ஒன்று தமிழின் போக்கையே மாற்றியது. கும்பகோணத்திற்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமியைச் சாமிநாதர் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் கோவைகளையும் பிள்ளைத்தமிழ் நூல்களையும் அடுக்கிக் கூறினார். முன்சீப்போ சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். அந்நூலின் ஏட்டைக்கூடச் சாமிநாதர் அதுவரை கண்டதில்லை. முன்சீப் கொடுத்த படியைக் கொண்டு அவர் படிக்கத் தொடங்கினார். சமணக் காப்பியமாதலால் அதன் நெறியும் மரபும் விளங்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணக் குடும்பத்தினரை நாடிச் சென்று, ஐயம் கேட்டுத் தெளிந்தார். ஏழாண்டு உழைப்பிற்குப்பின் 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. தொடர்ந்து பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன.

அதே 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தவர் சி.வை. தாமோதரனார். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த அவரும் அக்காலத்தில் கும்பகோணத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றியவர். தமிழின் பழம்பெரும் நூல்கள் இரண்டு ஒரே ஆண்டில் மீண்டதில் இச்சிறு நகருக்குப் பங்கு உண்டு.

அக்காலத்தில் பழைய ஏடுகள் செல்லரித்துக் கிடந்தன. பழுதுற்ற ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவதும் நெருப்பில் இடுவதும் நற்செயலாகவே கருதப்பட்டன. அவ்வாறு செய்தவர்கள் தமிழின்மேல் அன்பற்றவர்கள் அல்லர். ஏட்டின்மேல் அவர்களுக்கு மதிப்பு இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் ஆர்வம்தான் இல்லை. பழமையைப் போற்றுவதற்கும் பழமையை அறிவதற்கும் இடையே உள்ள தொலைவு இது. ஏடுகள் அழிகின்றனவே என்று வருந்தியதோடு சாமிநாதர் நின்றிருந்தால், இன்று நம் கையில் புறநானூறு எவ்வாறு இருந்திருக்கும் என்று சொல்லுதல் அரிது.

திண்ணையில் ஒரு கற்பலகை

சிந்தாமணி அச்சான 1887-ஆம் ஆண்டின் டிசம்பர் 22 அன்று, ஈரோட்டில் தாய்வழிப் பாட்டியின் இல்லத்தில் பிறந்தார் இராமானுசன். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஒரு சிறிய ஓட்டு வீட்டில். தந்தை துணிக்கடையில் கணக்கர். 1897-இல் நடந்த தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலிடம் பெற்று, மறு ஆண்டு நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கற்பலகையில் கணக்கு எழுதுவார்; எழுதியதை முழங்கையாலேயே அழிப்பார். தாளின் விலை தாங்காத வீடு அது.

1903-இல் சாமிநாதர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிச் சென்றார். 1904-இல் இராமானுசன் உதவித்தொகையோடு கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கில் மூழ்கிப் பிற பாடங்களில் தவறியதால் அந்த உதவித்தொகையை இழந்தார்; கல்லூரிப் படிப்பும் நின்றது. 1914-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்; 1920 ஏப்ரல் 26-இல் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அவர் வாழ்ந்த சன்னதித் தெரு வீடு இன்று நினைவில்லமாகக் காக்கப்படுகிறது.

அத்தெருவில் நின்றபோது பெரியவர், “இந்த வழியாக எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். இந்த வீட்டில் யார் இருந்தார் என்று அப்போது கேட்டதில்லை” என்றார். பெயர்த்தி அதையும் குறித்துக்கொண்டாள். ஊரில் வாழ்வது வேறு, ஊரை அறிவது வேறு என்பதை உணர்த்தும் சொல் அது.

கைகளில் இருந்த வரலாறு

ஓர் ஊரின் வரலாறு நூலகத்திலும் கோயிலிலும் மட்டும் இல்லை; உழைப்பவர்களின் கைகளிலும் உண்டு. சுவாமிமலையில் செப்புத்திருமேனி வார்க்கும் சிற்பிகள் இன்றும் முன்னோர் முறையையே பின்பற்றுகின்றனர். தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவம் செய்வர். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துவர். சூடாக்கும்போது மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் மண்ணை உடைத்தால்தான் சிலை வெளிப்படும். எனவே ஓர் அச்சில் ஒரே சிலைதான். சிற்பியின் கை அறிந்ததை அடுத்த தலைமுறை கற்காவிட்டால், உடைந்த அச்சைப்போல அந்த அறிவும் மண்ணாகிவிடும்.

நாச்சியார்கோவிலின் குத்துவிளக்கும், திருபுவனத்தின் பட்டும், 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலையும் இம்மண்ணின் உழைப்பைச் சொல்பவை. பெரியவர் தேடிய பாத்திர ஓசையோ பெரிதும் குறைந்துவிட்டது. எவர்சில்வர் வந்தது, பித்தளைக்கு ஈயம் பூசும் தேவை குறைந்தது, பட்டறைகள் பல மூடின. இதில் வருந்துவதற்கு உண்டு. ஆயினும் உலைக்கருகே நாள்முழுதும் வெந்த பட்டறைத் தொழிலாளி தம் மகனை வேறு வேலைக்கு அனுப்பியிருந்தால், அது அவருக்கு வருத்தமாகவா இருந்திருக்கும்? ஓசையைக் கேட்டவரின் நினைவு ஒன்று. ஓசையை எழுப்பியவரின் நினைவு மற்றொன்று. வரலாறு இரண்டையும் கேட்கவேண்டும்.

திண்ணை யாருக்கு?

பெரியவர் மிகுதியாக ஏங்கியது திண்ணைக்கே. வழிப்போக்கர் இளைப்பாறியது, பிள்ளைகள் பாடம் படித்தது, செய்தித்தாளை ஒருவர் படிக்கப் பத்துப்பேர் கேட்டது எல்லாம் அங்குதான். “அந்த அன்பு இப்போது எங்கே இருக்கிறது?” என்றார்.

“எல்லாரும் உட்காருவார்களா தாத்தா?” என்று பெயர்த்தி கேட்டாள்.

பெரியவர் உடனே விடை கூறவில்லை. அவருடைய நினைவில் ஒருவர் வந்து நின்றார். அரசலாற்றுக்கு அப்பாலிருந்து நாள்தோறும் வாழையிலைக் கட்டுச் சுமந்து வருபவர். தெருவழியாக அவர் வந்ததே இல்லை. கொல்லைப்புறத்தில் நின்று குரல் கொடுப்பார். இலையைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குவார். காசைத் தரையில் வைத்தபின் எடுத்துக்கொள்வார். சட்டம் 1947-இலேயே சென்னை மாகாணத்துக் கோயில்களின் கதவுகளை அனைவருக்கும் திறந்துவிட்டது. வீடுகளின் திண்ணைகள் அவ்வளவு விரைவாகத் திறக்கவில்லை.

“இல்லையம்மா, எல்லாரும் உட்கார முடியாது” என்றார் பெரியவர்.

“அவர் பெயர் என்ன?”

அவருக்குத் தெரியவில்லை. பிள்ளைப்பருவம் முழுவதும் அவர் கொண்டுவந்த இலையில் உண்டவர், அவர் பெயரைக் கேட்டதே இல்லை. பெயர்த்தி ஏட்டில் ‘வாழையிலை கொண்டுவந்தவர்’ என்று எழுதி, எதிரே ஒரு வரியை வெறுமையாக விட்டாள்.

பழைய ஊரைப் பற்றிய ஏக்கம் இயல்பானது, இனியது. எனினும் அது தனக்கு இனித்தவற்றை மட்டும் பொறுக்கிக்கொள்ளும். திண்ணையின் நிழலை நினைக்கும். கொல்லைப்புறத்து வெயிலை மறக்கும். “அந்தக் காலம் பொற்காலம்” என்று ஒருவர் கூறினால், யாருக்கு என்று கேட்கும் உரிமை அடுத்த தலைமுறைக்கு உண்டு. அவ்வாறு கேட்பது பெரியோரை அவமதிப்பதாகாது. ஊரை முழுமையாக நேசிப்பதற்கு அதுவே வழி.

மறக்கக் கூடாத நாள்

இந்நகரத்தின் ஏட்டில் கண்ணீரால் எழுதப்பட்ட பக்கமும் உண்டு. 2004 ஜூலை 16 அன்று பள்ளி ஒன்றின் சமையற்கூடத்தில் பற்றிய தீ, மாடியிலிருந்த கூரைக்குப் பரவியது. 94 குழந்தைகள் மாண்டனர். அவர்களுக்காக ஊரில் நினைவிடம் எழுப்பப்பட்டுள்ளது. ஒவ்வோராண்டும் அந்நாளில் பெற்றோர் விளக்கேற்றி அஞ்சலி செலுத்துகின்றனர்.

பேசவே மனம் கூசும் நிகழ்வை ஏன் நினைவுகூர வேண்டும்? விடை நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. அத்தீவிபத்திற்குப் பின்னரே தமிழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. 2009-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதிலும் உள்ள பள்ளிகளின் பாதுகாப்பிற்கு உரிய நெறிகளை வகுத்தது. அதற்குக் காரணமான வழக்கு இந்நிகழ்வையொட்டியே எழுந்தது. இன்று ஒரு வகுப்பறையில் தீயணைப்புக் கருவி தொங்குகிறது என்றால், கதவு வெளிப்புறமாகத் திறக்கிறது என்றால், அதில் அந்தக் குழந்தைகளின் நினைவு உண்டு. நினைவு உயிர்களைக் காக்கும். மறதி அதே தீயை மீண்டும் வரவழைக்கும்.

ஏக்கத்திலிருந்து ஏட்டிற்கு

1866-இல் நகராட்சியாக இருந்த கும்பகோணம் 2021-இல் மாநகராட்சி ஆயிற்று. தெருக்கள் இன்னும் மாறும், மாறவும் வேண்டும். மாற்றத்தைத் தடுப்பது வரலாற்றின் வேலை அன்று. எது இருந்தது, யார் இருந்தனர், எது நன்று, எது தீது என்று உள்ளவாறு எழுதி வைப்பதே அதன் வேலை. அதற்குப் பெரிய அறிஞர்களே வரவேண்டும் என்பதில்லை. கல்லூரிப் பணியைக் கவனித்துக்கொண்டே சாமிநாதர் ஏடு தேடினார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவர் வீட்டு வாயிலில் போய் நின்றார். மாணவர் எவரும் அதைச் செய்யலாம்.

வெற்று வரி பெரியவரை உறங்கவிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெயர்த்தியை அழைத்துக்கொண்டு அரசலாற்றைக் கடந்து சென்றார். இரண்டு தெருக்களில் விசாரித்தபின் முதிய பெண்மணி ஒருவர், வாழையிலைக் கட்டுச் சுமந்த தம் தந்தையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். வந்தவர்களைத் தம் வீட்டுத் திண்ணையில் அமரச் செய்து, குடிக்கத் தண்ணீர் தந்தார். எந்த நேரத்தில் எழுந்து இலை அறுக்கப் போவார், எத்தனை வீடுகளுக்குக் கொடுப்பார், மகளைப் பள்ளிக்கு அனுப்ப எவ்வளவு பாடுபட்டார் என்பனவெல்லாம் அன்று ஏட்டில் ஏறின. “எங்கப்பா பேரைக் கேட்டுக்கிட்டு இதுவரைக்கும் யாரும் வந்ததில்லைங்க” என்றார் அவர். பெயர்த்தி அந்தப் பெயரைக் கேட்டு, எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கவேண்டும் என்று இருமுறை சொல்லச்சொல்லி, வெறுமையாக விட்ட வரியில் எழுதினாள்.

தெரிந்து தெளிவோம்

வட்டார வரலாற்றுக்கான சான்றுகள்: கல்வெட்டுகள், செப்பேடுகள், ஓலைச்சுவடிகள், நிலப்பத்திரங்கள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், பழைய கடிதங்கள், நிழற்படங்கள், திருமண அழைப்பிதழ்கள், தெருப்பெயர்கள், முதியோரின் வாய்மொழிச் செய்திகள்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் தெருவில் வாழும் மூத்தோர் இருவரை நேர்காணல் செய்க. ஒரே இடத்தைப் பற்றி அவ்விருவரும் கூறும் செய்திகள் எங்கு ஒத்திருக்கின்றன, எங்கு வேறுபடுகின்றன என எழுதுக.

2. உங்கள் ஊரில் மறைந்துவரும் தொழில் ஒன்றின் செய்முறையை, அத்தொழில் செய்பவரின் சொற்களிலேயே பதிவு செய்க.

3. “பழமையைப் போற்றுவது வேறு, பழமையை அறிவது வேறு” – வகுப்பறையில் கலந்துரையாடுக.